இறங்காத பந்தும் எதிரணி பெஞ்சும்

எண்ணெய்க்காரன் தோட்டத்து மைதானத்துக்கு மேலே ஒரு கால்பந்து பதினோரு வருஷம் இறங்காமல் நின்றது என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் அது எப்படி நின்றது என்றுதான் கேட்கிறார்கள். ஸ்கோர் என்ன என்று ஒருவராவது கேட்டதில்லை. அதிலிருந்தே அவர்களுக்குக் கால்பந்து எவ்வளவு தெரியும் என்று நாங்கள் புரிந்துகொண்டுவிடுவோம். ஸ்கோர் இரண்டுக்கு ஒன்று. சேவல்மேடு யுனைடெட் இரண்டு, எங்கள் தோட்டம் பிரதர்ஸ் ஒன்று. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அதை அடிக்க இன்பராஜ் வந்தான், அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைக்காத வயது, வந்தவன் பந்தை வைத்து, பின்னால் நடந்து, நெஞ்சில் சிலுவை போட்டு, ஓடிவந்து அடித்தான், பந்து கோல் கம்பத்தை நோக்கிப் போய், போன வேகத்திலேயே மேலே ஏறி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, செல்போன் டவர் உயரத்துக்குப் போய், கம்பத்தின் மேல் கட்டைக்கு நேர் மேலே நின்றுவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வீட்டிலும் கறிக்குழம்பு.

ஆட்டத்தை நடத்திய ரெஃப்ரி தணிகாசலம் அரக்கோணத்திலிருந்து ஒரு நாள் வேலையாக வந்தவர். ஆட்டநேரம் முடிந்தாலும் பெனால்டி அடித்த பந்து அடங்கும்வரை விசில் ஊதக்கூடாது என்பது விதி, விதியைத் தாண்டி மூச்சுகூட விடாத மனிதர் அவர், அதனால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார், இருட்டும்வரை நின்றார், யாரோ டீ கொடுத்தபோது விசிலைக் கடைவாய்க்குத் தள்ளிவிட்டுக் குடித்தார், மறுநாளும் நின்றார். வாரக் கடைசியில் அவருடைய மனைவி ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி, மைதானத்தை ஒட்டிய மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்தார். "இவரு எப்பவுமே இப்படித்தான், கேஸை மூடியாச்சான்னு மூணு தடவை போய்ப் பார்ப்பாரு" என்பதற்கு மேல் அந்த அம்மாள் இது பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

சேவல்மேட்டு அணி இரண்டு நாள் காத்திருந்துவிட்டுத் தன் கீப்பர் கஜபதியை மட்டும் கம்பங்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போனது. கீப்பர் கோட்டை விட்டு நகரக்கூடாதல்லவா. எதிரி என்றாலும் பட்டினி போட முடியாது என்று எங்கள் தெருப் பெண்ணொருத்தி சோறு கொண்டுபோனாள், முதலில் அலுமினியத் தட்டில் கொண்டுபோனாள், அப்புறம் எவர்சில்வர் தட்டில், அப்புறம் வாழை இலையில், அதன்பிறகு என்ன ஆகுமோ அது ஆனது. கல்யாணம் கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே நடந்தது. இப்போது கஜபதி அந்த இடத்திலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறார், கோல் வலையைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிமேல் காக்காய் உட்காராமல் கட்டிவிட்டோம், சட்னி நன்றாகவே இருக்கும்.

பந்தோடு வாழ நாங்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டோம் என்பதை நினைத்தால் எங்களுக்கே பெருமையாக இருக்கிறது. மாதா கோயில் ஃபாதர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார், அம்மன் கோயில் பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுப் போனார், பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர் அண்ணாந்து பார்த்து, ஆஃப்சைடு இல்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். மழை விட்ட பிறகும் பந்திலிருந்து மட்டும் கொஞ்சநேரம் சொட்டும், அந்தத் தண்ணீரைக் காய்ச்சல் கண்ட குழந்தைகளின் நெற்றியில் தடவினோம், காய்ச்சல் குறையவில்லை, தடவுவதும் குறையவில்லை. பெரிய புயல் ஒன்று வந்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப் போட்டபோதும் பந்து அசையவில்லை. தேர்தலில் நின்ற ஒருவர் பந்தை இறக்கித் தருவேன் என்று வாக்குக் கொடுத்து டெபாசிட்டை இழந்தார், பந்தைக் காப்பேன் என்று சொன்னவர் ஜெயித்து, அதன்பின் தெருப்பக்கம் வரவேயில்லை. பந்து பத்திரமாகத்தான் இருந்தது, அவரைக் குறைசொல்ல முடியாது.

இதெல்லாம் வெளி விஷயம். உள் விஷயம் என்னவென்றால், நாங்கள் தோற்கவில்லை. மைதானத்து வாசலில் 'பதினோரு வருஷமாகத் தோல்வி காணாத அணி' என்று போர்டு வைத்திருந்தோம், வருஷா வருஷம் எண்ணை மட்டும் மாற்றுவோம். அந்த வருஷங்களில் பிரதர்ஸ் வேறு ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை, ஓர் ஆட்டம் முடியாமல் இன்னோர் ஆட்டத்துக்கு எப்படிப் போவது. பந்து உள்ளே போனாலும் ஸ்கோர் சமம்தான் ஆகும், ஜெயித்ததாக ஆகாது என்பதையும் யாரும் நினைவூட்டுவதில்லை. கிளப்புக்கு இருந்தது அந்த ஒரே பந்து. இன்னொன்று வாங்கினால் அந்தப் பந்தின்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்பதால் வாங்கவில்லை, ஆகவே எங்கள் பிள்ளைகள் கேரம்போர்டில் கெட்டிக்காரர்களாக வளர்ந்தார்கள்.

தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தில் இரண்டு பெஞ்சுகள். எங்கள் பெஞ்சில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இடமே இல்லை, சேவல்மேட்டுக்காரர்களின் பெஞ்சு காலியாகக் கிடக்கும். புதிதாக வருகிறவரை அந்த எதிரணி பெஞ்சில் உட்காரவைத்து, பந்தைக் காட்டி, செக்ரட்டரி ஏசுபாதம் கேட்பார்: உள்ளயா, வெளியவா? சிலிண்டர் போடுகிறவர், ஜாதிச் சான்றிதழுக்கு விசாரிக்க வந்தவர், பெண் பார்க்க வந்தவர்கள் என்று எல்லோரும் "உள்ளே" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மின்வாரியத்து ஆள் ஒருவர் மட்டும், பந்து லேசாக வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கே என்று சொல்லிவிட்டார். "எதிர் பெஞ்சுல குந்திகினு சொல்ற பேச்சு செல்லாது" என்று ஏசுபாதம் அங்கேயே தீர்ப்பு சொல்ல, அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது.

இன்பராஜுக்கு வருவோம். பெனால்டி அடித்தவன் என்பதால் தெருவில் அவனுக்கு மரியாதை, டீக்குக் காசு வாங்கமாட்டார்கள், ஆனால் அவன் மட்டும் அந்தப் பந்தைப் பார்க்கும்போது எங்களைப் போலப் பெருமையாகப் பார்ப்பதில்லை, பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவனைப் போலப் பார்ப்பான். அண்ணாந்தே நடந்து பழகியவன், பின்கழுத்தில் ஒரு மடிப்பே விழுந்துவிட்டது. முப்பது வயதில் அவனுக்குக் கல்யாண ஆசை வந்தது. வந்த முதல் பெண் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே "உள்ளே" என்று சொல்லிவிட்டாள், பந்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லையே என்று இவன் வருத்தப்பட்டு விலகினான். இரண்டாவது பெண், ஏணி வைத்து எடுக்கக்கூடாதா என்று கேட்டாள், அவளை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டோம்.

மூன்றாவதாக வந்தவள் சுகிர்தா, பல்லாவரத்துப் பெண், ஒரு செல்போன் கம்பெனியின் கஸ்டமர் கேரில் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் முடியாது என்பதைக் கோபம் வராத குரலில் சொல்வது அவள் வேலை. கல்யாண வெப்சைட்டில் பேசி, எழும்பூரில் ஒரு காபிக் கடையில் முதல்முறை சந்தித்தார்கள். அவள் குடும்பம், படிப்பு, பிடித்த சாப்பாடு என்று எதையும் கேட்காமல் இன்பராஜ் கிளப்பைப் பற்றிப் பேசினான், எதிரணி கீப்பரின் இட்லியைப் பற்றிப் பேசினான், பேசப்பேச அவன் காபியில் ஆடை படிந்து, அந்த ஆடையும் சுருங்கிப்போனது.

"எத்தனை கப் ஜெயிச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் இல்லீங்க. ஒண்ணு நடந்துகிட்டிருக்கு."

"எப்ப ஆரம்பிச்சது?"

"நான் காலேஜ் மொத வருஷம் படிக்கறப்போ."

அவள் சிரித்தாள். கேலியாகச் சிரித்தாளா, பிடித்துப்போய்ச் சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்காவிட்டால் தன்னால் இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து பந்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டான், இதைவிட மோசமான இடத்துக்கெல்லாம் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து மஞ்சள் சுடிதாரில் இறங்கினாள். மஞ்சள் சேவல்மேட்டின் நிறம். எங்கள் தோட்டத்தில் மஞ்சள் சட்டை போடமாட்டோம், மஞ்சள் பெயின்ட் அடிக்கமாட்டோம், வாழைப்பழத்தைக்கூடக் கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே தின்றுவிடுவோம். இன்பராஜ் அதைப் பார்த்தான், ஆனாலும் "டிரெஸ் நல்லாருக்குங்க" என்று சொன்னான். தோட்டத்தின் வரலாற்றில் காதலுக்காக ஒருவன் செய்த மிகப்பெரிய தியாகம் அதுதான் என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறோம்.

நாங்கள் எல்லோரும் மைதானத்தில்தான் இருந்தோம், தற்செயலாக. அவளை எதிரணி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டீ வந்தது, கஜபதி கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு தட்டு இட்லியை நீட்டினார், ரெஃப்ரி தணிகாசலம் மாடியிலிருந்து இறங்கி வந்து விசிலைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டார். ஏசுபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டு பந்தைக் காட்டினார். அவள் அண்ணாந்து பார்த்தாள், கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நன்றாகவே பார்த்தாள், அதிலேயே எங்களுக்குப் பாதி பிடித்துப்போய்விட்டது.

"சொல்லும்மா. உள்ளயா, வெளியவா?"

"தெரியலையேங்க," என்றாள் சுகிர்தா, கண்ணை எடுக்காமல். "இறங்கட்டும், பார்த்துச் சொல்றேன்."

இப்படி ஒரு பதிலை யாரும் சொன்னதில்லை. பந்து இறங்கும் என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம், இறங்கவேண்டாம் என்று எங்களில் பலர் நேர்ந்துகொண்டும் இருந்தோம், வெளியே சொல்வதில்லை. மைதானமே இன்பராஜைத் திரும்பிப் பார்த்தது. இவன் என்ன செய்யப் போகிறான், எழுந்து போய்விடுவானா, அவளை பஸ் ஏற்றிவிடுவானா, அல்லது வெட்கங்கெட்டுப் போய் இளிப்பானா என்று கமிட்டியும், கஜபதியும், ரெஃப்ரியும், மொட்டை மாடிகளில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் அவன் முகத்தையே பார்த்தார்கள். இன்பராஜோ சுகிர்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பந்தைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டென்றால் அது அடுத்தவன் வீட்டுக் கல்யாணம்தான்.

அப்போதுதான் பந்து இறங்கியது.

டொப்பென்று ஒரு சத்தம் கேட்டது, நாங்கள் திரும்புவதற்குள் இன்னொரு சத்தம், தண்ணீரில் விழுகிற சத்தம், கோலுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் கருத்த தண்ணீர் ஒருமுறை வாயைத் திறந்து மூடிக்கொண்டது. வலை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். வலை தண்ணீர்த் தொட்டியின்மேல் இருந்தது. மேலே பார்த்தோம், வானம் மொட்டையாக இருந்தது. ஏசுபாதம் கஜபதியைப் பார்த்தார், கஜபதி ரெஃப்ரியைப் பார்த்தார், ரெஃப்ரி தரையைப் பார்த்தார். பதினோரு வருஷம் கண்கொட்டாமல் பார்த்தவர்கள் நாங்கள், ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் மஞ்சள் சுடிதாரைப் பார்த்தோம். அவள் மட்டும்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள்.

"உள்ளயா, வெளியவா?" என்று ஏசுபாதம் கேட்டார்.

"மேல் கட்டையில பட்டு வெளிய போயிடுச்சுங்க," என்றாள் சுகிர்தா. அப்புறம், எங்கள் முகங்களைப் பார்த்துப் பழக்கதோஷத்தில், "உங்க சிரமத்துக்கு வருந்துறோம்" என்றாள்.

பிறகு ஏசுபாதம் சமாளித்துக்கொண்டு எழுந்தார். "செல்லாது. எதிர் பெஞ்சுல குந்திகினு சொல்ற பேச்சு செல்லாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." எங்களுக்கு உயிர் திரும்பி வந்தது, சிலர் கைகூடத் தட்டினோம். கஜபதிதான் அதைக் கெடுத்தார், இத்தனை வருஷம் மாப்பிள்ளையாக இருந்தும் எதிரணிப் புத்தி போகவில்லை.

"அது சரி மாமா," என்றார் கரண்டியோடு. "நாளிக்கே இன்பா அந்தப் பொண்ணக் கட்டிகினான்னா, அது நம்ம வூட்டுப் பொண்ணு. அப்போ பேச்சு செல்லுமா, செல்லாதா?"

இப்படியொரு சிக்கலில் எந்தத் தெருவும் மாட்டியிருக்காது. அவள் மருமகளாக வந்தால் நாங்கள் தோற்றவர்கள். வராமல் போனால் ஆட்டம் முடியவில்லை, போர்டை மாற்றவேண்டாம், பந்து கால்வாயில் இருந்தாலென்ன, ஆகாயத்தில் இருந்தாலென்ன. கமிட்டி உடனே கூடிப் பேசியது, பிறகு ஏசுபாதம் இன்பராஜைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டுபோனார், ரகசியம் பேசுகிறவர் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"டேய் இன்பா, பொண்ணு தங்கமான பொண்ணுடா, கொற சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வார்த்த. 'உள்ள'ன்னு ஒரு வார்த்த சொல்லிடட்டும். இப்பவே பூ வாங்கியாந்து பேசி முடிச்சிர்றேன், பந்தல் செலவு கிளப்போடது. சொல்லலன்னா வாணாம்டா. வேற பொண்ணு கெடைக்கும். வேற கப்பு கெடைக்குமா?"

இன்பராஜ் எதிரணி பெஞ்சுக்குப் போனான். பெஞ்சுக்கு முன்னால் நின்றான், உட்காரவில்லை. பெனால்டி அடிக்க வந்தபோது போட்டது போலவே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"கேட்டிருப்பீங்க," என்றான்.

"கேட்டேன்," என்றாள் அவள். "பொய் சொல்றது எனக்குக் கஷ்டமில்லைங்க, தினமும் எட்டு மணி நேரம் அதுக்குத்தான் சம்பளம் குடுக்கிறாங்க. நெட்வொர்க் சீக்கிரம் சரியாயிடும்னு இன்னிக்குக் காலையிலகூடச் சொல்லிட்டுத்தான் வந்தேன். நீங்க சொல்லச் சொன்னா இதையும் சொல்லிடுவேன். உங்ககிட்ட மட்டும் அதை ஆரம்பிக்க வேணாம்னு பார்த்தேன்."

அவன் பழக்கத்தில் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான், மேலே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, கழுத்தை இறக்கி அவளைப் பார்த்தான். அப்புறம் அந்தப் பெஞ்சில், சேவல்மேட்டுப் பெஞ்சில், அந்த மஞ்சள் சுடிதாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெஃப்ரி சார்," என்றான் சத்தமாக. "பந்து வெளிய. தோத்துட்டோம்."

"அதுவும் எதிர் பெஞ்சுப் பேச்சுதான், செல்லாது" என்று ஏசுபாதம் கத்தினார், ஆனால் அடித்தவனே சொன்னபிறகு அந்தக் கத்தலில் வலு இல்லை. தணிகாசலம் விசிலை எடுத்து வாயில் வைத்தார். முதல் ஊதலில் துரு வந்தது. இரண்டாவது ஊதலில் காற்று வந்தது. மூன்றாவது ஊதலில் சத்தம் வந்தது, நீளமான சத்தம், மாடியில் அவருடைய மனைவி டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் அதோடு சேர்ந்து கேட்டது.

நாங்கள் அழுதோம். வெட்கமில்லாமல் அழுதோம், பதினோரு வருஷமாகத் தள்ளிப்போட்ட அழுகை, ஆம்பளை பொம்பளை என்று இல்லாமல் அழுதோம். ஏசுபாதம் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயித்தவரான கஜபதி கோட்டைத் தாண்டி முதல்முறையாக வெளியே ஒரு காலை வைத்துப் பார்த்தார், பிறகு இன்னொரு காலையும் வைத்தார், எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். "இட்லி குழையுது, அங்க இன்னா வேடிக்க?" என்று அவர் மனைவி கூப்பிட்டதும் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

சுகிர்தா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "அடுத்த மேட்ச் எப்ப?" என்று கேட்டாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. கஸ்டமர் கேர் குரலிலும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. எல்லோரும் கால்வாயைப் பார்த்தோம்.

"பந்து இல்லியேம்மா," என்றார் ஏசுபாதம், துண்டுக்குள்ளிருந்து.

"பெரியமேட்டுல பந்துக் கடை தெறந்திருக்கும்," என்று சொல்லி இன்பராஜ் எழுந்தான், அவளும் எழுந்தாள். இருவரும் வாசல்வரை போய்விட்டார்கள், போர்டைக்கூடத் தாண்டிவிட்டார்கள், அவன் நேராகப் பார்த்து நடந்தான், நேராகப் பார்த்து நடந்து பழக்கமில்லாததால் ஒரு கல்லில் இடித்துக்கொண்டான், அவள் கையைப் பிடித்தாள், பிடித்த கையை விடவில்லை. ஏசுபாதம் துண்டை எடுத்துவிட்டு அவர்களைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"தோ பாரும்மா," என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். "திரும்பி வந்தா அங்க போயி குந்தாத. இந்தப் பக்கம் வந்து குந்து. டேய், தள்ளிக் குந்துங்கடா, ரெண்டு பேருக்கு எடம் உடுங்க."

இத்தனை வருஷமும் இடமில்லை என்று சொல்லிவந்த எங்கள் பெஞ்சில் நாங்கள் முனகிக்கொண்டே தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு பேருக்கென்ன, மூன்று பேருக்கே இடம் இருந்தது.